தேற்றுவது எப்படி? சபைக்குப் புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சபையில் சேர்ந்து கொஞ்ச நாளானதும் எல்லாருக்கும் ஒரு வேலை வந்து சேரும், அதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். சேகரத்தில் (சுற்றியுள்ள சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஒரு வீட்டில் துஷ்டி (சாவு), "வாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று கூப்பிடுவார்கள். தெருவில் ஒரு பையன் நீட்டில் தவறியிருப்பான், "நீ கொஞ்சம் பேசிப் பாரு மக்கா, நீ சொன்னா கேப்பான்" என்று அவன் அம்மா வந்து நிற்பார். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருப்பார்கள். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாய் வறண்டுபோகும், சரி என்று தெரிந்த ஒரே வசனத்தை எடுத்துவிட்டு, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஒன்றைச் சொல்லி, ஒரு ஜெபம், ஒரு காப்பி, அப்புறம் வீடு.

அப்படி வாய் வறண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இது. ஒரு கிறிஸ்தவர் இன்னொருவரைத் தேற்றுவது, திடப்படுத்துவது என்றால் என்ன, வேதம் அதில் எதை எதிர்பார்க்கிறது, நாம் எங்கே சறுக்குகிறோம் என்று அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வசனம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 50, 51-ல் எழுதியது. அந்தச் சபை அப்போதுதான் முளைத்த சபை. விசுவாசத்துக்கு வந்த சூடு ஆறுவதற்குள் ஊரில் எதிர்ப்பு, அதற்குள் சில வீடுகளில் சாவு, இறந்துபோனவர்களின் கதி என்ன என்று கலங்கிக் கிடந்தார்கள். அவர்களுக்குக் கடிதத்தின் கடைசியில் பவுல் எழுதுகிறார்: "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்."

மூன்று விதமான ஆட்கள், மூன்று விதமான வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. வேலைக்குப் போகத் தெம்பிருந்தும் போகாமல் டீக்கடை பெஞ்சே கதி என்று கிடக்கிற தம்பிக்குப் புத்தி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மனசு விட்டுப்போன ஆளுக்குப் புத்தி எடுபடாது, அவருக்குத் தேறுதல் வேண்டும். சொந்தக் காலில் நிற்க முடியாத நிலையில் இருக்கிறவரைத் தாங்க வேண்டும், அதாவது பேச்சு ரொம்பக் கம்மி, தோள் நிறைய. நாம் செய்கிற கோளாறு என்னவென்றால் மூன்று பேருக்கும் ஒரே மருந்தாகப் புத்தியைக் கொடுத்துவிடுகிறோம், ஏனென்றால் அதுதான் செலவில்லாத மருந்து. திரும்பத் திரும்ப ஆசிரியர் வேலைக்கான டெட் பரீட்சை எழுதியும் தேறாத ஒரு அக்காவிடம் போய், "காலைல நாலு மணிக்கு எந்திச்சுப் படிங்க, கர்த்தர் ஞானம் தருவார்" என்கிறோம். அந்த அக்கா மூன்றரைக்கே எழுந்து, பிள்ளைகளுக்குப் பொங்கி வைத்துவிட்டுப் படிக்கிறவராக இருப்பார். நாம் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவருக்கு அது இன்னொரு அடி.

ஆக, யாரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் மூன்றில் யார் என்று பார்க்க வேண்டும். போனதும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். "என்ன செய்யுது? தூங்கினீயளா?" என்று கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்தால் அவரே சொல்லுவார்.

இனி பர்னபாவுக்கு வருவோம். தேற்றுவதைப் பற்றி வேதத்தில் ஒரே ஒரு ஆளைப் படிக்க நேரம் இருந்தால் இவரைப் படியுங்கள். சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்காரர், லேவியர், சொந்தப் பெயர் யோசே. அப்போஸ்தலர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் பர்னபா, "ஆறுதலின் மகன்" என்று அர்த்தம். நம்ம ஊரிலும் பட்டப்பெயர் வைப்பார்கள், பெரும்பாலும் அது ஆளைக் கவிழ்ப்பதற்காக இருக்கும். இந்த மனுஷனுக்கு நல்லதாக ஒன்று அமைந்தது, அதுவும் சும்மா அமையவில்லை. அப்போஸ்தலர் 4-ம் அதிகாரத்தில் அவர் முதன்முதலாக வரும்போதே தன் நிலத்தை விற்று அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கிறார். நிலத்தை விற்பது என்றால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 9-ம் அதிகாரம். சபையை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வருகிறார். சீஷர்களோடு சேரப் பார்க்கிறார், ஒருவரும் நம்பவில்லை, எல்லாருக்கும் பயம். நியாயமான பயம்தான், இவர் உள்ளே வந்து ஆட்களைக் காட்டிக்கொடுத்துவிட்டால்? அந்த நேரத்தில் பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப்போய், வழியில் கர்த்தரைக் கண்டதையும் தமஸ்குவில் தைரியமாகப் பிரசங்கித்ததையும் எடுத்துச் சொல்கிறார். கவனியுங்கள், சவுலைத் தனியாகக் கூப்பிட்டு "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குகிறவருக்கு ஜாமீன் போடுகிற மாதிரி, தன் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். சவுல் நாளைக்குக் கவிழ்த்தால் பர்னபா பெயரும் சேர்ந்து கெடும்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது அடிப்படையில் இவ்வளவுதான். தேற்றுகிற வார்த்தை என்பது இனிப்பான வார்த்தை இல்லை, சொல்லுகிற ஆளுக்கு அதில் கொஞ்சமாவது செலவிருக்க வேண்டும். நேரமாக இருக்கலாம், பணமாக இருக்கலாம், நம்முடைய நல்ல பெயராக இருக்கலாம். ஒன்றுமே செலவில்லாமல் வருகிற வார்த்தையைத் துக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

பர்னபா அத்தோடு நிற்கவில்லை. 11-ம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) மத்தியில் புதிதாக ஒரு சபை கிளம்புகிறது, என்ன ஏது என்று பார்த்துவர எருசலேம் சபை இவரை அனுப்புகிறது. வேறு ஆள் போயிருந்தால் குறைகளை நோட்டுப்போட்டு எழுதிக்கொண்டு வந்திருப்பார். இவர் போனார், தேவனுடைய கிருபையைக் கண்டார், சந்தோஷப்பட்டார், அப்புறம்தான் நிலைத்திருக்கச் சொல்லிப் பேசினார். வரிசையைப் பாருங்கள், பேச்சு கடைசியில். வேலை பெருகியதும் தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கூட்டிவந்து தனக்குச் சமமாக வைத்துக்கொண்டார், அப்புறம் அந்தச் சவுல்தான் பவுலாகப் பெரிய ஆளானார். அதில் பர்னபாவுக்குப் பொறாமை வந்ததாக ஒரு வரிகூட இல்லை.

பிறகு மாற்கு விவகாரம். மாற்கு முதல் ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். இரண்டாம் பயணத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவோம் என்கிறார் பர்னபா, பாதியில் ஓடினவன் வேண்டாம் என்கிறார் பவுல், சண்டை முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வேதபாட வகுப்புகளில் வாதம் நடக்கும். எனக்குப் பவுல் சொன்னதிலும் நியாயம் தெரிகிறது, ஊழியம் விளையாட்டில்லை. ஆனால் வருஷங்கள் கழித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். இடையில் அந்தப் பையனை யார் தூக்கி நிறுத்தினது என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

துஷ்டி வீட்டுக்குப் போகும்போது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்களை எல்லாரும் திட்டுவார்கள். பாவம், ஆரம்பத்தில் அவர்கள் செய்தது சரியாகத்தான் இருந்தது. மூன்று பேர், மூன்று ஊரிலிருந்து, பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள், அவனைப் பார்த்ததும் சத்தமிட்டு அழுதார்கள், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். நம்மில் யார் ஏழு மணி நேரம் அப்படி இருந்திருக்கிறோம்? வாயைத் திறந்ததும்தான் கெட்டது. நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று தொடங்கி, அதிகாரம் அதிகாரமாக அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். யோபு கடுப்பாகி, நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் (தொல்லை தருகிற ஆறுதல்காரர்கள்) என்றான். புத்தகத்தின் கடைசியில் கர்த்தரும் எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய் (சரியாய்ப்) பேசவில்லை என்று கோபப்படுகிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினவர்கள்மேல் தேவனுக்கே கோபம். துஷ்டி வீட்டில் போய் "ஏன் இப்படி நடந்தது" என்று காரணம் கண்டுபிடிக்கிறவர்கள் இந்த இடத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும்.

நம்ம பக்கத்தில் சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டவை சில: "ஆண்டவருக்குப் பிடிச்ச பூவைப் பறிச்சுக்கிட்டார்." "கர்த்தர் சித்தம், நாம என்ன செய்ய." "அழாதீங்க, நமக்கு நம்பிக்கை இருக்குல்லா." "எங்க சித்தி மகனுக்கும் இப்படித்தான்..." இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் தேவனைப் பூப்பறிக்கிற ஆளாகக் காட்டினால் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு அவரிடம் ஜெபிப்பார்? அப்புறம் அந்த "அழாதீங்க". சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கை இருக்கிறவன் அழக்கூடாது என்று அவரே நினைக்கவில்லை. பவுலும் நம்பிக்கையில்லாதவர்களைப் போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த இடத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லிவிட்டு, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். கிறிஸ்தவத் தேறுதலுக்கு அடிக்கல் அதுதான், திரும்பவும் பார்ப்போம் என்கிற நம்பிக்கை. அதைச் சொல்லலாம், கட்டாயம் சொல்லலாம், ஆனால் ஒப்பாரி ஓய்வதற்கு முன்னால் முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

வேறு என்னதான் பேசுவது? இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். இதுதான் எனக்குத் தெரிந்து மிக நல்லது, ஆனால் ஏனோ எல்லாரும் தவிர்ப்பார்கள். "அண்ணாச்சி எனக்கு ஓய்வுநாள் பள்ளியில சங்கீதம் சொல்லிக் குடுத்தாக, தப்பாச் சொன்னா குச்சியை எடுத்துக் காட்டுவாகளே தவிர அடிக்க மாட்டாக" என்று ஒரு உண்மையான விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், அழுதுகொண்டே மதினி ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், அதற்குப் பிறகு அவர்களே ஒரு கதை சொல்வார்கள். சொல்ல ஒன்றுமில்லையா, "எனக்கு என்ன சொல்லன்னே தெரியல, பாக்கணும்னு வந்தேன்" என்பதே போதும். ஜெபிக்கிறதாக இருந்தால் கேட்டுவிட்டு ஜெபியுங்கள், சின்னதாக, போனவருடைய பெயரையும் இருக்கிறவர்களுடைய பெயரையும் சொல்லி. பக்கத்துக் கட்டிலில் வேறு ஆட்கள் இருக்கிற ஆஸ்பத்திரி வார்டில் கன்வென்ஷன் குரலில் ஜெபிக்க வேண்டாம், தேவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

போய்வந்த மறுநாளோடு முடித்துவிடாதீர்கள். அடக்கத்துக்கு ஊரே வரும், மூன்றாம் மாசம் யாரும் வர மாட்டார்கள். கிறிஸ்மஸ், திருமண நாள், பிள்ளைகளின் ரிசல்ட் நாள் இதெல்லாம்தான் கடினமான நாட்கள். அன்றைக்கு ஒரு போன்.

டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கம்மி. 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே இருந்தார். அங்கிருந்தபடி நோயாளிகளுக்கென்றே கடிதங்கள் எழுதினார், அவை புத்தகமாகவும் வந்தன. நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதுகிற ஆறுதல் புத்தகங்கள் படுத்திருக்கிறவர்களுக்கு ஒட்டுவதில்லை என்பது அவருடைய எண்ணம். இரண்டாம் கொரிந்தியர் முதல் அதிகாரமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: நமக்குத் தேவன் அருளின ஆறுதலைக் கொண்டே மற்றவர்களுக்கு ஆறுதல் செய்கிறோம். உங்களுக்கு அந்த வியாதி, அந்த இழப்பு, அந்தத் தோல்வி வந்ததே இல்லை என்றால் வந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

வாக்குத்தத்த வசனம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அது யாருக்கு, எப்போது எழுதியது என்று தெரிந்து கொடுங்கள். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வாங்கிவருகிற வாக்குத்தத்த அட்டையில் அதிகம் வருகிற வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற அந்த வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் கழித்து என்று போட்டிருக்கிறது! கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கவே மாட்டார்கள், அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதினார். அடுத்த வாரம் ரிசல்ட் வருகிற பிள்ளையிடம் இந்த வசனத்தைக் காட்டி "நிச்சயம் பாஸ்" என்று சொன்னால், தேவன் போடாத கையெழுத்தை நாம் போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளை தவறினால் கெட்டுப்போவது நம் பெயர் மட்டும் இல்லை.

தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள், அடுத்த மூச்சில், விடுவிக்காமற்போனாலும் என்றார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினால் போதும். "நீ பாஸானாலும் தவறினாலும் கர்த்தர் உன்னை விட மாட்டார், நானும் சாயங்காலம் வருவேன்." இதில் பொய் ஆகக்கூடியது கடைசிப் பகுதி மட்டும்தான், அதனால் சாயங்காலம் கட்டாயம் போய்விடுங்கள்.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூரிய உதயம், ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம், காலை ஐந்து மணிக்கு எல்லாக் குரூப்பிலும். நீதிமொழிகள் 27:14 என்ன சொல்கிறது தெரியுமா? அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும். சாலொமோன் காலத்திலேயே இந்தத் தொந்தரவு இருந்திருக்கிறது. ஐம்பது பேருக்கு ஒரே படத்தை அனுப்புவதைவிட ஒருவருக்கு, அவர் பெயர் போட்டு, "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று ஒரு வரி. அதே புத்தகம் 25-ம் அதிகாரத்தில், மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் மேலே கிடக்கிற துணியை உருவுகிறவனைப் போன்றவன் என்றும் சொல்கிறது. பாட்டு அனுப்புகிறவர்களும் கவனிக்கவும்.

பேச்சு போதாத இடம்

யாக்கோபு இதில் இரக்கமே காட்டுவதில்லை. உடுக்கத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாமல் ஒரு சகோதரன் நிற்கும்போது சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்ததே, திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் தண்ணீரில் மிதந்தபோது இது கண் முன்னாலேயே தெரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறாதவர்கள் "கர்த்தர் எங்களைக் காத்தார்" என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். நன்றி சொல்வது தப்பில்லை. ஆனால் அரிசிப் பானையும் பிள்ளைகளின் சான்றிதழும் ஆற்றோடு போன வீட்டில் அந்த ஸ்டேட்டஸைப் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்? அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுபோனது, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுப் போடவில்லை. யாக்கோபின் கேள்விக்கு அதுதான் பதில்.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். யேசபேல் ராணி கொல்லப்போகிறாள் என்று ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். பிரசங்கம், கேள்வி, புது வேலை எல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். துஷ்டி வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து கடுங்காப்பியும் சோறும் கொண்டுபோகிற நம் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆண்கள்தான் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்போம்.

எலியா மாதிரி யாராவது "போதும், வாழப் பிடிக்கல" என்று உங்களிடம் சொன்னால், விசுவாசம் குறைந்துவிட்டது என்று அதட்டாதீர்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்கிற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு (டெலிமானஸ்) எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், சர்க்கரைக்கு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவரிடம் பதமாகக் கேளுங்கள்.

நன்றாக இருக்கிறவர்களுக்கும் வேண்டும்

தேற்றுவது என்றாலே சாவும் நோயும்தான் என்று ஆகிவிட்டது. எபிரெயருக்கு எழுதின நிருபம் இதை நாடோறும் செய்யச் சொல்கிறது. கோயிலில் கீபோர்டு வாசிக்கிற தம்பி, எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே வந்து பாய் விரித்து மணி அடிக்கிறவர், மூன்று ஊருக்குச் சைக்கிள் மிதிக்கிற சபை ஊழியரான உபதேசியார், இவர்களிடம் தப்பு நடந்தால்தான் நாம் பேசுவோம். மைக் கீச்சென்று கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும், நன்றாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

பாராட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. "சூப்பர் பிரதர்" என்றால் அது காற்றோடு போய்விடும். "இரண்டாவது சரணத்துல சபை முழுக்க இழுத்துச்சு, நீ தாளத்தை விடாம பிடிச்சிருந்தே, அதனாலதான் மூணாவது சரணம் சரியா வந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வாரம் அந்தத் தம்பி இன்னும் நன்றாக வாசிப்பான். நீங்கள் உண்மையில் கவனித்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரிகிறது. கவனிக்காததைப் புகழாதீர்கள், அது முகஸ்துதி, காரியம் ஆக வேண்டிய நேரத்தில் செய்கிற வேலை.

வேறு மதத்துப் பக்கத்து வீட்டாருக்கும் இதே வழிதான். துக்கத்தை ஊழிய வாய்ப்பாகப் பார்க்காதீர்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்கலாம், சரி என்றால் அங்கேயே சின்னதாக, வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபித்துக்கொள்ளலாம். அவர்கள் வீட்டு ஆஸ்பத்திரி அலைச்சலில் பங்கெடுத்தால் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தானாகத் தெரியும்.

அப்புறம் வாய். இது சபைக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு வியாதி: ஒருவர் நம்பிச் சொன்ன குடும்பக் கஷ்டத்தை "ஜெபத்துல வச்சுக்கோங்க" என்று இன்னொருவரிடம் சொல்லி, அவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி, புதன்கிழமைக்குள் ஊர்க்கதை ஆகிவிடும். ஆவியில் உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்கிறது நீதிமொழிகள். சொன்னவர் அனுமதி இல்லாமல் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே போகக்கூடாது. இந்த ஒன்றைக் காப்பாற்றாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பயன்படாது, யாரும் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பேசவே வராது, நான் என்ன செய்ய என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஒநேசிப்போருவை அறிமுகப்படுத்துகிறேன். இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் இரண்டு மூன்று வசனங்களில் வந்துபோகிற ஆள். பவுல் ரோமாவில் விலங்கோடு இருந்தபோது பலர் விலகிப்போனார்கள், கைதியோடு பழக்கம் என்று தெரிந்தால் வம்பு. இவர் அந்த விலங்கைக் குறித்து வெட்கப்படாமல், அவ்வளவு பெரிய ஊரில் பவுல் எங்கே இருக்கிறார் என்று தேடி அலைந்து கண்டுபிடித்து, அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான் என்று பவுலே எழுதுகிற அளவுக்குப் போய்வந்தார். அவர் பேசினதாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே பேச வராதவர்கள் இந்த வாரம் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று போதகர் ஐயரிடமோ உபதேசியாரிடமோ கேட்டுக் கூடவே போங்கள், உங்களிடம் வண்டி இருந்தால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.